உட்கார்ந்த அளவு

ஜெய்ப்பூர் காலுக்கு விரல்கள் உண்டு. நடப்பதற்கு அந்த விரல்களின் வடிவம் தேவையில்லை. மண்நிற ரப்பரில் வார்த்த பாதத்தில் அவற்றை விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் 1968இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் அதை உருவாக்கிய கைவினைஞர் ராம்சந்திர சர்மாவுக்கும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்திக்கும் கால் இழந்தவர்களின் வீடு தெரிந்திருந்தது. அதற்கு முன்பு இங்கே கிடைத்த மேனாட்டுச் செயற்கைப் பாதம் ஷூவுக்குள் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை மாட்டிக்கொண்டு குத்தவைக்க முடியாது, சம்மணமிட முடியாது, வயலில் இறங்க முடியாது. அடுக்களைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் ஷூவோடு போக முடியாது. ஷூவைக் கழற்றினால் அது பாதம்போலவே இராது. கால் வாங்கிச் சென்றவர்கள் அதை வீட்டு மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். சேத்தி அதைக் கவனித்தார். சர்மா ரப்பரைக் கையிலெடுத்தார்.

விலை குறைவு, நெடுநாள் உழைக்கும் என்பதற்காகவே உலகம் அந்தக் காலைப் புகழ்கிறது. எனக்கு அதன் விரல்கள்தாம் முக்கியம். கால் இழந்த ஒருவர் எப்படி நடப்பார் என்று கேட்டபோதே, எப்படித் தோன்ற விரும்புவார் என்றும் அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். நம் மருத்துவமனைகளிலும் நலத்துறை அலுவலகங்களிலும் வீடுகளிலும் இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்து எழுவதில்லை. நடப்பது தேவை, தோற்றம் ஆடம்பரம். பெண்ணாக இருந்துவிட்டால் தோற்றத்தைப் பற்றிப் பேசவே கூச்சம் வந்துவிடுகிறது. “இந்த நிலைமையில இது வேறயா?” என்ற கேள்வி, யாரும் வாய்விட்டுக் கேட்காமலேயே அவள் காதில் விழுந்துகொண்டிருக்கும்.

1981இல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்தொன்றில், மும்பையில் வளர்ந்த பதின்வயதுப் பரதக் கலைஞர் சுதா சந்திரனின் வலது கால் காயமுற்றது. புண் அழுகிப்போனதால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவந்தது. பரதம் வெறுங்காலில் ஆடும் கலை. சதங்கை கட்டக் கணுக்கால் வேண்டும், செம்பஞ்சுக் குழம்பு பூசப் பாதமும் விரல்களும் வேண்டும். ஷூவுக்குள் ஒளியும் பாதம் எவ்வளவு நவீனமானதாக இருந்தாலும் அந்த மேடைக்கு உதவாது. 1984இல் ஜெய்ப்பூர் காலோடு அவர் மீண்டும் ஆடினார். பிறகு ‘மயூரி’ என்ற தெலுங்குப் படத்தில் தன் கதையில் தானே நடித்தார். இதை நம்மில் பலர் பள்ளிநாட்களிலேயே கேட்டிருப்போம், பெரும்பாலும் மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாக.

அதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. அவர் தொலைக்காட்சித் தொடர்களில் வில்லியாக வந்தார். ‘தெய்வம் தந்த வீடு’ பார்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் அலங்காரமும் அதட்டலும் குறையாத மாமியார். அவர் காலை நினைத்து யாரும் இரங்கவில்லை. மருமகளுக்காகப் பரிந்துகொண்டு அவரைத் திட்டினார்கள். செயற்கைக் கால் அணிந்த ஒரு பெண் இரவுதோறும் நம் கூடத்துக்குள் சேலையும் நகையும் பொட்டுமாக வந்து, தன் உடல்குறையைக் காரணம் காட்டாமல் நம் வெறுப்பையும் ரசனையையும் சம்பாதித்துக்கொண்டு போனார். ஒரு பெண்ணின் உடல்குறை அவளுடைய கதையின் தலைப்பாக இல்லாமல் போகும் நாள் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த நாள் இன்னும் முழுதாக வந்துவிடவில்லை. 2021 அக்டோபரில் அவர் ஒரு காணொளி வெளியிட்டார். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள், இது மனதை நோகடிக்கிறது என்று பிரதமரிடம் முறையிட்டார். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அந்தக் காணொளியைப் பார்த்த பலர் அதைச் சிரமம் சார்ந்த புகாராக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சேலை கட்டிய பெண் செயற்கைக் காலைக் கழற்ற வேண்டுமென்றால் சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்ற வேண்டும். பிடிப்புறையை உருவ வேண்டும். அதன்பின் ஒற்றைக்காலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வேறெந்தப் பெண்ணிடமும் இதைக் கேட்டால் அதன் பெயர் என்ன என்று நமக்குத் தெரியும்.

உடை என்று நான் சொல்வது அந்தக் காலையும் சேர்த்துத்தான். காலைத் தாங்கும் காலிப்பர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, முதுகுக்கவசம் எல்லாம் ஒரு பெண் தினமும் அணியும் பொருள்கள். காலையில் எழுந்ததும் அவள் உடலோடு சேர்பவை, இரவில் கடைசியாகக் கழற்றப்படுபவை. அவற்றுக்கு நிறம் உண்டு, பளபளப்பு உண்டு, நடக்கும்போது எழும் சத்தம்கூட உண்டு. அவள் உடுத்தும் சேலையைவிட நெருக்கமான இந்தப் பொருள்களில் எந்த ஒன்றின் தோற்றத்தையும் அவள் தேர்ந்தெடுத்ததில்லை.

தேர்ந்தெடுத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எய்மி மல்லின்ஸ் ஒரு வயதிலேயே இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர், 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் ஓடியவர். 1998இல் லண்டனில் அலெக்சாண்டர் மெக்குயின் நடத்திய ஆடைக்காட்சியில் அவர் நடந்துவந்தபோது, அணிந்திருந்தது வேலைப்பாடு மிகுந்த பூட்ஸ் என்றே பார்வையாளர்களில் பலர் நினைத்தார்கள். ஆஷ் மரத்தில் திராட்சைக் கொடியும் மேக்னோலியா மலரும் செதுக்கிய கால்கள் அவை. பின்னாளில் ஓர் உரையில் அவர் சொன்ன சம்பவம் எனக்கு மறப்பதில்லை. அவரிடம் பல ஜோடிக் கால்கள் உண்டு, உயரமும் வெவ்வேறு. ஒரு விருந்தில் அவரை வழக்கத்தைவிட உயரமாகப் பார்த்த தோழி, இது நியாயமே இல்லை என்று ஆதங்கப்பட்டாராம். பரிதாபம் இருக்க வேண்டிய இடத்தில் பொறாமை வந்துவிட்டது. அந்தப் பொறாமையை நான் மதிக்கிறேன். சமமாக நினைப்பவரிடம்தான் மனிதர்களுக்குப் பொறாமை வரும்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கு ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் மெலிந்தது. 1925இல் பேருந்து விபத்தில் முதுகெலும்பும் இடுப்பும் நொறுங்கின. அவர் உடுத்திய தெவானா என்ற மரபு உடையை மெக்சிகோவின் மண்ணுக்கும் கணவர் தியேகோ ரிவேராவின் விருப்பத்துக்கும் அடையாளமாக மட்டும் நெடுங்காலம் படித்துவந்தார்கள். அவர் இறந்தபின் மெக்சிகோ நகரின் நீல வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருந்த அவரது துணிமணிகளும் பொருள்களும் 2004இல்தான் வெளியே எடுக்கப்பட்டன. பிறகு அவை காட்சிக்கு வந்தபோது இன்னொரு கணக்கும் புரிந்தது. அந்த உடையின் மேற்சட்டை குட்டையானது, சதுரமாகத் தைத்தது, உடலை இறுக்காதது. உட்கார்ந்திருக்கும்போது வயிற்றில் சுருண்டு திரளாது. கொக்கி, பட்டன் தொல்லையில்லை, உள்ளே முதுகுக்கவசம் இருந்தாலும் தெரியாது. வேலைப்பாடு முழுவதும் கழுத்திலும் மார்பிலும். தலையில் பூவும் பின்னலும். பார்ப்பவர் கண் மேலேயே நின்றுவிடும். தரையைத் தொடும் பாவாடை மெலிந்த காலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

ஆனால் அவர் எல்லாவற்றையும் மறைத்தவரும் இல்லை. பிளாஸ்டர் கவசங்களின்மேல் அரிவாள் சுத்தியலும் உருவங்களும் வரைந்து வைத்திருந்தார். 1953இல் வலது காலை எடுத்தபின் செய்த செயற்கைக் காலுக்குச் சீனப் பூத்தையல் பட்டு வைத்த சிவப்புத் தோல் பூட்ஸ் போட்டார். எதை மூடுவது, எதைச் சிவப்பாக்கி நீட்டுவது என்பதை வலியில் கிடந்த அந்தப் பெண்ணே தீர்மானித்தாள். ஊனத்தை மறைப்பது கோழைத்தனம், காட்டுவதே துணிவு என்று இப்போது சிலர் கட்சி கட்டுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. காலிப்பர் தெரியாமல் சேலையைத் தழையத் தழையக் கட்டும் பெண்ணும், முழங்கால்வரை பாவாடை அணிந்து இரும்புக் கம்பியைக் காட்டிக்கொண்டு நடக்கும் பெண்ணும் ஒரே உரிமையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலான பெண்களுக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையே வாய்ப்பதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், அவர்களில் 1.18 கோடிப் பேர் பெண்கள். பிறர் உதவியோடு உடுத்த வேண்டிய ஒரு பெண்ணின் அன்றாட உடை பெரும்பாலும் நைட்டி. காலையில் ஒன்று, குளித்தபின் இன்னொன்று. துவைக்க எளிது, மாட்ட எளிது, கழிப்பறைக்குத் தூக்கிப்போகும்போது எளிது. தலைமுடி கிராப்பு. பேன் பிடிக்காது, சீவ நேரமாகாது, எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டாம். வளையல் இல்லை, குத்திவிடும். மல்லிகை வாங்கும் நாளில் அக்காவுக்கு ஒரு முழம், தங்கைக்கு ஒரு முழம். முடி இல்லாத தலையில் வைப்பதற்கில்லை.

அம்மாக்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வளர்ந்த மகளைத் தினம் நான்கைந்து முறை தூக்கி இறக்கும் ஒரு பெண்ணின் இடுப்பும் தோளும் என்ன ஆகுமென்று பார்த்திருக்கிறேன். அவருக்கு மாற்றுக் கை கிடையாது. அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், அதில் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே மகளின் உடை அம்மாவின் கைகளுக்கு ஏற்ற உடையாகிறது. நியாயமான காரணங்களின் வழியாகவே ஒரு பெண்ணின் முடியும் பூவும் நிறமும் அவளிடமிருந்து போய்விடுகின்றன. எந்தக் கொடுமைக்காரரும் இல்லாமலே இது நடப்பதால் யாரிடமும் அவளால் கோபப்படவும் முடிவதில்லை.

வெளியே போகாததால் நல்ல உடை வேண்டாம் என்பார்கள். நல்ல உடை இல்லாததால் வெளியே போவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. தம்பி கல்யாணத்துக்கு எல்லோருக்கும் காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கும்போது அவளுக்கு மட்டும் பூனம் சேலை. “அவளுக்கு எதுக்குப் பட்டு, ரூம்லதானே இருக்கப்போறா?” என்று பெரியம்மா சொல்வார். பட்டு இல்லாததாலேயே அவள் அறையில் இருப்பாள். நம் பக்கத்தில் பட்டுச் சேலை என்பது கல்யாணம் ஆகப்போகிறவளுக்கும் ஆனவளுக்கும் உரிய உடுப்பு. அந்த வரிசையில் ஒரு பெண்ணை வைக்காமல் விட்டுவிட்டோம் என்பதைக் குடும்பம் வாயால் சொல்வதில்லை, ஜவுளிக் கடையில் சொல்லிவிடுகிறது. மாற்றுத்திறனாளியை மணப்பவர்களுக்குத் தமிழக அரசு நிதியும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் தருகிறது. பல பெண்களுக்கு அது உண்மையாகவே உதவியிருக்கிறது, அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தத் தங்கத்தைப் பற்றி ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “எனக்குப் போட்ட நகை இல்லக்கா அது. என்னைக் கட்டினதுக்கு அவருக்குக் குடுத்தது.”

உடையின் வேலைப்பாட்டுக்குள் இறங்கிப் பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். தையல் கடையில் அளவெடுக்கும்போது முதலில் சொல்வது, “நேரா நில்லும்மா.” நிற்க முடியாத பெண்ணுக்கு அங்கேயே வழி அடைபடுகிறது. அவளுக்குப் பதில் அவளுடைய பழைய ஜாக்கெட் கடைக்குப் போகும். “இதே அளவுக்குத் தைச்சிருங்கண்ணே.” அந்தப் பழைய ஜாக்கெட்டும் அதற்கு முந்தைய ஜாக்கெட்டின் அளவுக்குத் தைத்தது. பதினெட்டு வயதில் எடுத்த அளவை முப்பத்தைந்திலும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

உட்கார்ந்திருக்கும் உடம்பின் அளவு வேறு. முதுகு நீளும், முன்வயிறு குறுகும், இடுப்பு அகலும். நின்றால் கணுக்காலைத் தொடும் பேண்ட், உட்கார்ந்தால் முழங்கால் மடிப்பில் துணியை இழந்து கெண்டைக்காலுக்கு ஏறிவிடும். இடுப்புப் பட்டி முன்னால் வயிற்றை அறுக்கும், பின்னால் இறங்கி முதுகைக் காட்டும். ஆகவே பின்பக்கம் உயர்த்தியும் முன்பக்கம் தாழ்த்தியும் வெட்ட வேண்டும். கையால் சக்கரம் தள்ளுபவளுக்குத் தோளும் மேற்கையும் திரண்டுவிடும். ரெடிமேட் சுடிதாரின் கை அங்கே பிடிக்கும். முதுகுத்தண்டு வளைந்தவளுக்கு ஒரு தோள் தாழ்ந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் வெட்டினால் ஓரம் ஒருபுறம் இழுத்துக்கொண்டு, குறை உடையில் இருந்தாலும் உடம்பில் இருப்பதாகவே தெரியும். கட்டை ஊன்றி நடப்பவளின் ஜாக்கெட் கக்கத்தில்தான் முதலில் கிழியும். அங்கே இரட்டைத் துணி வைத்து, கைக்குழியில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். காலிப்பரின் முழங்கால் பூட்டு துணியைக் கவ்வும். லெக்கின்ஸ் அதன்மேல் ஏறாது. பக்கவாட்டில் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மேல்வரை ஜிப் வைத்தால் ஏறும்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத உடம்பில், பேண்டின் பின்பாக்கெட்டும் தடித்த தையலும் பாவாடை நாடாவின் முடிச்சும் மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருந்தாலும் தெரியாது. தெரியும்போது படுக்கைப்புண் ஆகியிருக்கும், அது ஆற மாதங்கள் பிடிக்கும். சிறுநீர்ப் பை வைக்கத் தொடையருகே உள்பாக்கெட் வேண்டும். இதெல்லாம் ஃபேஷனா என்று கேட்டால், ஆம், இதுதான் ஃபேஷன். யாருடைய உடம்பை மனதில் வைத்துத் துணியை வெட்டுகிறோம் என்பதைவிட அந்தத் தொழிலில் பெரிய கேள்வி என்ன இருக்கிறது?

புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அதிகமில்லை. நியூயார்க்கில் 1950களிலேயே ஹெலன் குக்மன் என்ற ஆடை வடிவமைப்பாளர், ஹோவர்ட் ரஸ்க்கின் மறுவாழ்வு மருத்துவமனையோடு சேர்ந்து ஊன்றுகோலுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஏற்ற உடைகளைச் செய்தார். கக்கத்தை உறுதியாக்கும் துணி அன்றே அதில் இருந்தது. அவரே கேட்கும் திறன் குறைந்தவர். பிறகு அந்த முயற்சி மங்கிப்போய், 2016இல் டாமி ஹில்ஃபிகர் நிறுவனம் முதலில் குழந்தைகளுக்காக இத்தகைய உடைகளைக் கொண்டுவந்தபோது உலகம் அதைப் புதுமை என்று வரவேற்றது. இங்கே கொல்கத்தாவில் சௌமிதா பாசு, மூட்டழற்சி நோயால் தன் கைகால்கள் முடங்கியபின், தனக்கு அம்மா தைத்துக்கொடுத்த மாற்றங்களிலிருந்து தொடங்கி ஓர் ஆடை நிறுவனத்தையே உருவாக்கினார். முன்கூட்டியே கொசுவம் தைத்த சேலை, ஒற்றைக் கையால் மூடக்கூடிய ஜாக்கெட் போன்றவற்றை இன்று இணையத்தில் வாங்கலாம். விலைதான் எட்டவில்லை. கிராமத்துப் பெண்ணுக்கு அளவும் எட்டவில்லை.

இந்த இடத்தில் நமக்கு ஒரு வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறேன். பெரிய நிறுவனங்கள் மனம்வைக்கும்வரை அமெரிக்கப் பெண் காத்திருக்க வேண்டும். நமக்குத் தெருவுக்கொரு தையல் கடை இருக்கிறது. மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில், சக்கர நாற்காலியில் வாழும் தோழி ஒருத்தி அண்ணன் பையனைத் தள்ளச் சொல்லித் தானே கடைக்குப் போனாள். “அண்ணே, நான் உக்காந்துதான் இருப்பேன். உக்காந்தே அளவெடுங்க.” அவருக்குக் கை வரவில்லை. தொட்டு அளக்கலாமா, வலிக்குமா என்ற தயக்கம். உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அக்கா முட்டிபோட்டு உட்கார்ந்து, கழுத்தெலும்பிலிருந்து இருக்கைவரை, இடுப்பிலிருந்து முழங்கால்வரை, முழங்காலிலிருந்து பாதம்வரை என்று பிரித்துப் பிரித்து அளந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, டேப் பிடித்த கைக்கு அது தானாகவே புரிந்துவிட்டது. நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் ‘உட்கார்ந்த அளவு’ என்று எழுதினார். முதல் சுடிதார் சரியாக அமையவில்லை, பிரித்துத் தைத்தார்கள். இரண்டாவது அமைந்தது.

தன்னம்பிக்கை என்று நாம் மேடைதோறும் பேசுவது எங்கே பிறக்கிறது என்பதற்கு அந்தக் கடை எனக்கு ஒரு விடை. அவளுக்கு யாரும் ஊக்க உரை ஆற்றவில்லை. அவள் உடம்பை, அது இருக்கிற இருப்பில், திருத்த நினைக்காமல் ஒருவர் கவனித்து அளந்தார்.

உடல்குறை உள்ள பெண்கள் ஆடைக்காட்சிகளில் வருவது இப்போது கூடியிருக்கிறது. பிரிட்டிஷ் வோக் இதழ் 2023 மே மாதம் அயர்லாந்தின் சினேட் பர்க் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளை அட்டைகளில் வெளியிட்டது, பிரெயிலிலும் வந்தது. பெங்களூரின் பல் மருத்துவர் எஸ்.ஜே. ராஜலட்சுமி, விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர், 2014இல் சக்கர நாற்காலிப் பெண்களுக்கான இந்திய அழகிப் போட்டியில் வென்றார். கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயர் 2002இல், பதின்மூன்று வயதில், பிகானேரில் கையெறிகுண்டு வெடித்து இரண்டு கைகளையும் இழந்தார். அவர் சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். நிஃப்ட் ஆடை வடிவமைப்புக் கல்லூரி மாணவர்களும் எபிலிட்டி ஃபவுண்டேஷனும் சென்னையில் நடத்திய ஆடைக்காட்சியில் மேடையில் நடந்தார். கைகளைப் பிறர் பார்வையிலிருந்து ஒளித்துவைத்து வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றியும் அவர் பேசியிருக்கிறார். அழகிப் போட்டி பெண்களை அடிமைப்படுத்துவதாக நம்பும் பெண்ணியத் தோழிகள் இதை ஏற்பதில்லை. அவர்கள் வாதத்தை நான் புறந்தள்ளமாட்டேன். ஆனால் பார்வைக்குரிய பொருளாக்கப்படுவதிலிருந்து விடுபடுவது ஒரு போராட்டம் என்றால், பார்க்கவே தகாத பொருளாக வைக்கப்பட்டதிலிருந்து விடுபடுவது வேறொரு போராட்டம். அழகு என்ற சொல்லே தன்மீது விழாமல் வளர்ந்தவளிடம், அது பொய்யான சொல், விட்டுவிடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவள் அதை ஒருமுறை அணிந்துபார்த்துவிட்டுக் கழற்றட்டும்.

எனக்குள்ள மனக்குறை கைதட்டலின் மேல். மாற்றுத்திறனாளியான ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் 2014இல் ஆற்றிய உரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்: மாற்றுத்திறனாளிகள் படுக்கையிலிருந்து எழுந்து வந்ததற்கே பாராட்டப்படுவது, பார்ப்பவர்கள் தங்கள் வாழ்க்கை பரவாயில்லை என்று தேற்றிக்கொள்வதற்காக. ஊர் விழாவில் ஒரு பெண்ணை ‘தன்னம்பிக்கைச் சிகரம்’ என்று மேடைக்கு அழைப்பார்கள். மேடைக்குப் படிகள் மட்டும் இருக்கும். நாலு ஆண்கள் சக்கர நாற்காலியோடு அவளைத் தூக்குவார்கள். அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய சேலை இடுப்பில் விலகும், முந்தானை சக்கரத்தில் மாட்டும், சரிசெய்ய அவள் கைக்கு எட்டாது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். அந்த நிமிடத்தில் அவள் தன்னம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

தூக்குவது என்ற ஒன்றைச் சகஜமாக எடுத்துக்கொள்ள நாம் பழகிவிட்டோம். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் விராலி மோதி ரயிலில் ஏறச் சுமைதூக்குபவர்களின் உதவியை நாடியபோது, அவர்களில் சிலர் தன் உடலை அத்துமீறித் தொட்டதை வெளிப்படையாகச் சொன்னார். ரயில்களைச் சக்கர நாற்காலிக்கு ஏற்றதாக்கக் கோரி அவர் தொடங்கிய இயக்கம் அங்கிருந்து பிறந்தது. சாய்தளம் இல்லாத ரயில்பெட்டி, ஒரு பெண் என்ன உடுத்தலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. தூக்குபவர் கைபடும் என்று தெரிந்தால் அவள் இறுக்கமான, தடித்த, நிறம்மங்கிய உடையையே எடுப்பாள். போகும் வழியில் கழிப்பறை இல்லையென்றால் டயபர் கட்டிக்கொண்டு அதற்குமேல் பொருந்துவதை அணிவாள். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் கடலோரம்வரை மரப்பாதை திறந்தபோது, அதில் சக்கர நாற்காலியில் வந்த பெண்களின் படங்களைப் பார்த்தேன். நல்ல சேலைகள், பூ, லிப்ஸ்டிக். போவதற்கு ஓர் இடம் இருந்தால் உடுத்துவதற்குக் காரணம் தானே வந்துவிடுகிறது.

ஆகவே பேருந்துக்கும் சாய்தளத்துக்கும் போராடுகிறவர்கள், உடையைப் பற்றிப் பேசுபவர்களை மேல்தட்டு வேடிக்கையாக ஒதுக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 43ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எல்லோரும் பயன்படுத்தத்தக்க வடிவில் நுகர்பொருள்கள் உருவாகவும் உற்பத்தியாகவும் விநியோகமாகவும் அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. கட்டடத்தையும் போக்குவரத்தையும் பற்றிய பிரிவுகள் நீதிமன்றங்களில் அடிக்கடி பேசப்படுகின்றன. இந்தப் பிரிவைத் துணிக்குப் பொருத்திக் கேட்டவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேட்பதற்கான இடம் தமிழ்நாட்டில் கையெட்டும் தூரத்திலேயே உள்ளது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பல ஆண்டுகளாக மோட்டார் பொருத்திய தையல் இயந்திரங்களை வழங்கிவருகிறது. காலால் மிதிக்க முடியாத பெண்களுக்கு அது பிழைப்பு. அவர்களில் பலர் நல்ல கைவேலைக்காரர்கள், ஊருக்கெல்லாம் நின்ற அளவில் தைத்துக் கொடுப்பவர்கள். உட்கார்ந்த உடம்பின் இழுப்பும் அழுத்தமும் அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்? இயந்திரத்தோடு சேர்த்து ஒரு மாதப் பயிற்சி, தரமணி நிஃப்டிலிருந்து இரண்டு ஆசிரியர்கள், பத்துப் பன்னிரண்டு வெட்டு மாதிரிகள் கொண்ட தமிழ்க் கையேடு ஒன்று. மாவட்டத்துக்கு இருபது பெண்கள் இந்த வேலையைக் கையில் எடுத்தாலே தையல்காரர் யாரென்று தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. அதே பள்ளியில் காலிப்பர் போட்ட சிறுமியும் சக்கர நாற்காலியில் வரும் சிறுமியும் படிக்கிறார்கள், அவர்களுக்கும் அதே வெட்டு. எட்டாம் வகுப்பில், தோழிகளின் சீருடை சரியாக நிற்க, தன்னுடையது மட்டும் முதுகில் இறங்கி முழங்காலில் ஏறி நிற்பதைப் பார்க்கும் பிள்ளை அதைத் தன் உடம்பின் தவறாகவே எடுத்துக்கொள்கிறாள். சங்கங்களின் அளவுப் படிவத்தில் ‘காலிப்பர் அணிபவர்’, ‘உட்கார்ந்த அளவு’ என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தால் போதும். சட்டத் திருத்தம் வேண்டாம், பெரிய ஒதுக்கீடும் வேண்டாம். சீருடைக்குத் துணி வெட்டுவது பள்ளி திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். அதற்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.